லொறி புறப்பட்டு விட்டது

எமது சமூகம் ஒரு வர்த்தக சமூகம் என்று மேடைதோறும் சொல்லக் கேட்கின்றோம். அப்படிச் சொல்லும்போது எல்லோருடைய மனக்கண்ணிலும் தோன்றுவது கடையும் கல்லாப் பெட்டியும்தான். வாங்கும் இடத்துக்கும் விற்கும் இடத்துக்கும் நடுவே ஒரு மூட்டை மா எத்தனை கை மாறுகின்றது, எந்தக் களஞ்சியத்தில் எத்தனை இரவு கிடக்கின்றது, காத்திருப்பவருக்கு யார் பதில் சொல்கின்றார்கள் என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. ஆனால் எமது வர்த்தகர்களில் பலர் செய்வது இந்த நடு வேலையைத்தான். கொழும்பு புறக்கோட்டையில் ஏற்றி மலைநாட்டுக் கடைகளில் இறக்குகின்றார்கள். நானும் அவர்களில் ஒருவன். மஸ்கெலியா பஸாரில் ஒரு மொத்த விற்பனைக் கடை, அதன் பின்னால் ஒரு களஞ்சியம், ஒரு லொறி. சுற்றியுள்ள தோட்டங்களின் சிறு கடைகளுக்குச் சாமான் கொடுப்பதே எனது தொழில்.

இந்தத் தொழிலில் ஆகக் கூடுதலாகச் சொல்லப்படும் பொய் எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: "லொறி புறப்பட்டு விட்டது."

நானும் சொல்லியிருக்கின்றேன். 2011ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்திய வாரம். தோட்டமொன்றின் மேல் டிவிஷனில் லயத்தோடு ஒட்டிய அறையில் கடை வைத்திருந்த ஓர் அக்கா கோதுமை மா, சீனி, எண்ணெய், பருப்பு என்று வழக்கத்தை விட மூன்று மடங்கு ஓடர் தந்திருந்தார். தீபாவளி முற்பணம் கைக்கு வந்த கையோடு லயத்தில் பலகாரச் சட்டி ஏறிவிடும். வருடத்தில் அவருடைய கடைக்கு வியாபாரம் என்று சொல்லக்கூடிய நாட்கள் அவைதான். அவர் தொலைபேசியில் கேட்டபோது, "லொறி ஹட்டனைத் தாண்டிவிட்டது அக்கா, பின்னேரம் வந்துவிடும்" என்றேன். உண்மையில் லொறி புறக்கோட்டையில், மூட்டை தூக்கும் நாட்டாமைமாருக்காகக் காத்துக்கொண்டு நின்றது. அது எனக்குத் தெரியும். கேட்கிறவரைச் சமாளித்துவிட்டால் போதும் என்ற எண்ணம்தான்.

அவர் அந்த வார்த்தையை நம்பி, கடைக்கு வந்தவர்களையெல்லாம் "பின்னேரம் வாங்க" என்று அனுப்பியிருக்கின்றார். பின்னேரம் வந்தவர்களை "நாளைக்குக் காலைல" என்று அனுப்பியிருக்கின்றார். மறுநாள் அவர்கள் பஸ் ஏறி ஹட்டனுக்குப் போய் வாங்கிவிட்டார்கள். எமது லொறி தீபாவளிக்கு முதல் நாள் இரவு ஏழு மணிக்கு அந்தத் தோட்டத்துக்கு ஏறியது. சாமானை இறக்கி வைத்துவிட்டு வந்தோம்.

பண்டிகை முடிந்து ஒரு வாரத்தில் அவர் கடைக்கு வந்து பாக்கியை முழுதாகக் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சொன்னார்: "சாமான் லேட்டானதுக்கு நான் கோவிச்சுக்கல நானா. லேட்டாகும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, ஆட்டோ புடிச்சி ஹட்டன்ல கொஞ்சம் வாங்கிப் போட்டிருப்பேன்ல." அதன் பிறகு இரண்டு வருடம் அவரிடமிருந்து ஓடர் வரவில்லை.

நான் இதைத் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்திருக்கின்றேன். அவருடைய நட்டத்துக்குக் காரணம் நாட்டாமைமாருமல்லர், வீதியுமல்ல. அவருக்கு வேறு வழி பார்க்க ஒரு நாள் இருந்தது. அந்த ஒரு நாளை நான்தான் எடுத்துக்கொண்டேன். வாடிக்கையாளர் சேவை என்றவுடன் சிரித்த முகம், தேநீர் உபசாரம், வருட இறுதியில் கலண்டர் என்று நாம் நினைக்கின்றோம். லொறிக்காரனிடமும் களஞ்சியக்காரனிடமும் வாடிக்கையாளர் விலை கொடுத்து வாங்குவது நம்பகமான தகவலை. சாமான் எங்கே இருக்கின்றது, எத்தனை இருக்கின்றது, எப்போது வரும். இவற்றில் ஒன்றைப் பொய்யாகச் சொன்னாலும் சாமானில் கலப்படம் செய்ததற்கு ஒப்பானது என்பதே எனது அபிப்பிராயம்.

தோட்டப் பகுதி வியாபாரம் தெரியாதவர்களுக்கு ஒரு விடயம் சொல்ல வேண்டும். நகரத்தில் ஒரு நாள் பிந்தினால் ஒரு நாள் வியாபாரம்தான் பிந்தும். இங்கே காசு புழங்குவது மாதத்தில் சில நாட்களில்தான். சம்பளம் பத்தாந் திகதியளவில். அதற்குள் மா வந்து நிற்க வேண்டும். பன்னிரண்டாந் திகதி வந்தால் அது அடுத்த சம்பளம் வரைக்கும் கடனுக்குத்தான் போகும். அந்தக் கடன் எமது கொப்பியில் ஏறும், பிறகு புறக்கோட்டையில் எமது காசோலை திரும்பும். ஒரு லொறி இரண்டு நாள் பிந்தியதன் கணக்கு இவ்வளவு தூரம் போகின்றது.

இந்தப் பாடத்தை எனக்கு முதலில் கற்பித்தவர் ஒரு டீமேக்கர். தோட்டத்து மக்கள் தேயிலைத் தொழிற்சாலையை 'ஸ்டோர்' என்றே சொல்வார்கள். அந்தப் பெயரே பொருத்தம்தான், அங்கே செய்வதில் பாதி வேலை பத்திரப்படுத்தும் வேலை. ஒரு முறை கொழும்புக்கு வெறுமனே இறங்கும் லொறிக்கு ஒரு தேயிலைச் சுமை கிடைத்தது. நான் மகிழ்ச்சியோடு லொறியை அனுப்பிவிட்டுப் பின்னாலேயே போனேன். டீமேக்கர் லொறியின் பின்கதவைத் திறக்கச் சொன்னார். ஏறி, குனிந்து பலகையை முகர்ந்து பார்த்தார். "முதலாளி, இதுல கருவாடு ஏத்தியிருக்கீங்க."

"நேற்றே கழுவியாச்சு ஐயா" என்றேன்.

"மரம் மறக்காது முதலாளி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். ஒரு மூட்டையும் ஏறவில்லை. வாடகையும் போய், டீசலும் நட்டமாகி, கோபத்தோடு திரும்பினேன். வரும் வழியில்தான் உறைத்தது. அதே பலகையின் மேல்தான் முந்திய நாள் பிஸ்கட்டும் பால்மாவும் ஏற்றி வந்திருந்தேன். அதை எந்தக் கடைக்காரரும் முகர்ந்து பார்க்கவில்லை. முகர்ந்து பார்க்கும் அதிகாரம் தமக்கு இருப்பதாகவே அவர்கள் நினைக்கவில்லை.

தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும், ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் முன்னர் உள்ளே தாள் ஒட்டிய மரப்பெட்டியிலும், இப்போது பல மடிப்புக் கடதாசி மூட்டையிலும் அடைக்கின்றார்கள். மூட்டைக்கு மூட்டை தோட்டத்தின் மார்க், தேயிலையின் கிரேட், இன்வொய்ஸ் இலக்கம், நிறை எல்லாம் அச்சாகியிருக்கும். ஒரு லொட்டில் உள்ள மூட்டைகள் எல்லாம் ஒரே நிறை. அந்த மூட்டை கொழும்புக் களஞ்சியத்தில் இறங்கும்போது எண்ணப்படும், தரகர் மாதிரி எடுப்பார், பட்டியலில் ஏறும், ஏலத்துக்குப் போகும். வாங்குபவர் மஸ்கெலியாவைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார். ஆனாலும் தான் வாங்கும் தேயிலை எந்தத் தோட்டத்தில் எந்த இன்வொய்ஸில் வந்தது என்று அவருக்குத் தெரியும்.

இந்த ஒழுங்கு ஒரு நாளில் வந்ததல்ல. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். 1883இல் கொழும்பில் ஏலம் தொடங்கியது. அடுத்த வருடம், 1884இல், ரயில் பாதை ஹட்டனுக்கு வந்தது. அதுவரை இந்தப் பக்கத்துச் சுமையெல்லாம் நெடுந்தூரம் மாட்டு வண்டியில்தான். ரயில் வந்த பிறகும் மஸ்கெலியாவிலிருந்து ஹட்டன் வரை வண்டிதான், பின்னர் லொறி. 2020இல் கொரோனா வந்து ஏல மண்டபத்தை மூட வேண்டி ஏற்பட்டபோது ஏலம் கணினிக்கு மாறியது. சில வாரங்களுக்குள் மாறிக்கொள்ள முடிந்ததற்குக் காரணம், அதற்கு முன்பே ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு பேரும் இலக்கமும் இருந்ததுதான் என்று நான் நினைக்கின்றேன். மூட்டையைப் பார்க்காமலேயே நம்பி விலை சொல்ல முடிந்தது.

இனி அதே வீதியில் மேலே வரும் சுமையைப் பாருங்கள். புறக்கோட்டையிலிருந்து அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை, ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் என்று ஏறி வரும் லொறியில் அரிசியும் மாவும் சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் ஒன்றாகக் கிடக்கும். துண்டில் "சாமான் 46" என்று எழுதியிருக்கும். 46இல் எத்தனை மா, எத்தனை சீனி என்பதை இறக்கும்போதுதான் பார்க்க வேண்டும். இறக்குவது இரவு, மழையில். கடைக்காரர் எண்ணி முடிக்கும் முன்பே சாரதி கையெழுத்துக்கு நிற்பார். மறுநாள் ஒரு மூட்டை கிழிந்திருக்கின்றது என்று சொன்னால், "நீங்கள்தானே சைன் வைத்தீர்கள்?" என்பது பதில். இந்தக் குற்றத்தை நான் வேறு யார் மீதும் போடவில்லை. எமது லொறியும் பல வருடம் அப்படித்தான் ஓடியது.

கொழுந்து போகும்போது அவ்வளவு மரியாதை. அந்தக் கொழுந்தைப் பறித்த பெண்ணின் வீட்டுக்கு மா வரும்போது ஒரு மரியாதையும் இல்லை. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. மண்ணெண்ணெய் மணக்கும் ஐந்து கிலோ மாவை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனால், ஒரு நாள் மலையில் நின்ற கூலியில் பெரும் பகுதி அது. அவர் அதைத் திருப்பிக் கொண்டுவர மாட்டார். ரொட்டி சுட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் வேறு கடைக்குப் போவார். கடைக்கார அக்காவுக்கு ஏனென்று தெரியாது. எமக்கும் தெரியாது.

எங்கட வாப்பா இந்த விடயத்தில் என்னை விடக் கவனமானவர். அவருடைய கடை இன்றைய மஸ்கெலியாவில் இருக்கவில்லை. மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய நகரத்தையே நீருக்குள் விட்டுவிட்டு மேலே புது நகரம் அமைத்தார்கள். அணைக்கட்டு வேலை 1969இல் முடிந்தது. வரட்சியில் நீர் வற்றும்போது பழைய வழிபாட்டுத் தலங்களின் எச்சங்கள் தலைகாட்டும், இளைஞர்கள் படம் பிடிக்கப் போவார்கள். அந்தப் பழைய பஸாரிலிருந்து வாப்பா கடையைக் கிளப்பியபோது முதல் வண்டியில் ஏற்றியது தன்னுடைய சாமானை அல்ல. பலர் பாதுகாப்புக்காக வைத்துவிட்டுப் போயிருந்த தகரப் பெட்டிகள், ஊருக்குப் போனவர்களின் மூட்டைகள், ஒரு தையற்காரரின் மெஷின். "இது எங்கட சாமான் இல்ல மகன், அமானிதம். எங்கட சாமான் நனைஞ்சா எங்களோட முடிஞ்சிடும்" என்று சொல்வார். களஞ்சிய முகாமைத்துவம் என்று இன்று கற்பிக்கப்படுவதில் எனக்குப் புரிந்த பகுதி இவ்வளவுதான்.

அக்காவின் பேச்சுக்கும் டீமேக்கரின் மூக்குக்கும் பிறகு நாங்கள் செய்த மாற்றங்கள் பெரிய முதலீடு எதுவுமல்ல. மண்ணெண்ணெய், சவர்க்காரம், கருவாடு மூன்றும் களஞ்சியத்திலும் லொறியிலும் தனி இடத்துக்குப் போயின. மூட்டைகள் சிமெந்துத் தரையிலிருந்து பலகைக்கு ஏறின, சுவரிலிருந்து ஓரடி தள்ளி நின்றன. மஸ்கெலியாவில் சுவர் வியர்க்கும், சாய்த்து வைத்த மா மூட்டை முதுகுப் பக்கம் கட்டியாகும். வந்த திகதியை மூட்டையில் சோக்கால் எழுதினோம், பழையது முதலில் வெளியேற. துண்டு இரண்டு பிரதியானது, சாமான் வாரியாக. கையெழுத்துக்கு முன் கடைக்காரர் எண்ண வேண்டும், எண்ணும் வரை சாரதி நிற்க வேண்டும். கிழிந்த மூட்டையை அந்த இடத்திலேயே துண்டில் எழுதிக் கழிக்கச் சாரதிக்கு அதிகாரம் கொடுத்தோம். இதற்குத்தான் வீட்டிலும் கடையிலும் எதிர்ப்பு வந்தது. சாரதி ஏமாற்றுவான் என்றார்கள். முதல் மாதம் கழிவு கொஞ்சம் கூடத்தான் செய்தது. பிறகு குறைந்தது, ஏனென்றால் கிழிந்ததை எழுத வேண்டியவரே ஏற்றும்போது கிழியாமல் பார்க்கத் தொடங்கினார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. களஞ்சியத்தில் வாடிக்கையாளர் சேவை செய்பவர் முதலாளி அல்லர். மூட்டை தூக்குபவர், ஏற்றுபவர், இரவில் வளைவில் லொறியை நிறுத்திவிட்டுப் பனி விலகும் வரை விழித்திருப்பவர். அவர்களுக்குச் சோற்றுக்காசு கொடுப்பதில் கணக்குப் பார்த்துக்கொண்டு, கடைக்காரரிடம் மரியாதையாகப் பேசு என்று சொன்னால் நடக்குமா? நாட்டாமையின் தோளில் இருக்கும்போது மூட்டை பத்திரமாக இருக்க வேண்டுமானால், அவருடைய கூலி அன்றே கொடுபட வேண்டும். எமது வர்த்தகர்கள் பலர் ஸகாத்தில் தாராளமாக இருக்கின்றார்கள், கூலியில் இறுக்கமாக இருக்கின்றார்கள். இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரிந்தே எழுதுகின்றேன்.

தகவல் விடயத்துக்கு வருவோம். சாரதி எங்கே நின்றாலும் மூன்று இடங்களில் அழைக்க வேண்டும் என்று வைத்தோம்: ஏற்றி முடிந்ததும், கினிகத்தேனையில், ஹட்டனில். அந்த அழைப்பு வந்த பிறகுதான் கடைகளுக்கு நாம் சொல்வோம். அதற்கு முன் கேட்டால் "இன்னும் ஏற்றவில்லை" என்பதே பதில். சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் டிசம்பர் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரைக்கும். வார இறுதியிலும் போயாவிலும் நல்லதண்ணிக்குப் போகும் வாகனங்களால் எமது வீதி நிறைந்துவிடும். அந்த நாட்களில் லொறி பிந்தும் என்பது எமக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்தும் கடைசி நேரம் வரைக்கும் சொல்லாமல் இருப்பது என்ன வழக்கமோ!

இது கஷ்ட காலத்தில் இன்னும் பெரிதாகின்றது. 2021, 2022இல் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் சனம் வரிசையில் நின்றது. டீசல் இல்லாமல் லொறிகள் நாட்கணக்கில் நின்றன. அப்போது களஞ்சியத்தின் கதவு மூடியிருந்தால் உள்ளே என்ன இருக்கின்றது என்று ஊர் பேசும். உண்மையில் இல்லாவிட்டாலும் பதுக்கியிருக்கின்றான் என்றுதான் பேசும். அந்தப் பேச்சு ஒரு கடைக்காரனோடு நிற்பதில்லை, பள்ளிவாசல் வரைக்கும் வரும். நான் செய்தது ஒன்றுதான். காலையில் கடை திறக்கும்போது மா எத்தனை மூட்டை, சீனி எத்தனை மூட்டை என்று கரும்பலகையில் எழுதினேன். ஒரு கடைக்கு இத்தனை என்று அதன் கீழே எழுதினேன். முடிந்ததும் அழித்தேன். "இப்படிக் காட்டினால் கொள்ளையடிக்க வருவார்கள்" என்று பக்கத்துக் கடை நானா பயந்தார். யாரும் வரவில்லை. சண்டையும் இருக்கவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்து மலையகத்தில் மண் சரிந்தபோது கரும்பலகையும் போதவில்லை. பல இடங்களில் வீதியும் இல்லை, தொலைபேசியும் இல்லை. கொழும்பிலிருந்து லொறியை எடுக்கவே வேண்டாம் என்று சாரதிக்குச் சொல்லிவிட்டேன். பையன் ஒருவனைத் துண்டோடு கால்நடையாகத் தோட்டங்களுக்கு அனுப்பினோம். துண்டில் எழுதியிருந்தது: லொறி கொழும்பில் நிற்கின்றது, வீதி திறக்கும் வரை வராது, களஞ்சியத்தில் இவ்வளவு இருக்கின்றது, தலைச்சுமையாக எடுக்க வருபவர்கள் வரலாம். நல்ல செய்தி ஒன்றும் அதில் இல்லை. ஆனாலும் அன்று பின்னேரமே ஆட்கள் வந்தார்கள்.

இந்தக் கருத்தைச் சொல்லும்போது சக வர்த்தகர்கள் சொல்லும் மறுப்பு எனக்குத் தெரியும். "வாடிக்கையாளர் பார்ப்பது விலையைத்தான். கம்பனிகள் சொந்த வாகனத்தில் கடை வாசலுக்கே கொண்டுவந்து இறக்குகின்றன. ஹட்டனுக்குப் போனால் சுப்பர் மார்க்கெட் இருக்கின்றது. இதில் உண்மை சொல்லி என்ன பயன்?" விலையில் அவர்களோடு எம்மால் போட்டியிட முடியாது என்பது சரி. ஆனால் கம்பனியின் வாகனம் பிரதான வீதியோடு திரும்பிவிடும். மேல் டிவிஷனுக்கு ஏறும் உடைந்த பாதை எமக்குத்தான் பழக்கம், எந்தக் கடைக்கு எந்தத் திகதி முக்கியம் என்பதும் எமக்குத்தான் தெரியும். இந்த அறிவைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொல்லி வியாபாரத்தை இழப்பவர்களாக நாம் இருக்கின்றோம்.

அந்த அக்கா 2013இல் திரும்பி வந்தார். நான் அழைக்கவில்லை, அழைக்க முகமும் இருக்கவில்லை. கினிகத்தேனையிலிருந்து சாரதி பேசுவது பற்றி வேறொரு கடைக்காரர் சொல்லிக் கேள்விப்பட்டிருக்கின்றார். சிறிய ஓடர் ஒன்றைத் தந்துவிட்டு, "புறப்படலன்னா புறப்படலன்னு சொல்லணும் நானா" என்று மட்டும் சொன்னார். இப்போது அவருடைய மகன்தான் கடையைப் பார்க்கின்றான். ஓடரை வட்ஸ்அப்பில் அனுப்புவான். நேற்றும் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தது. "லொறி எங்க நானா நிக்குது?"

"இன்னும் ஏத்தல்ல தம்பி. நாளைக்குப் பின்னேரம்தான் வரும்."

"சரி நானா" என்று வைத்துவிட்டான்.